சாமத்திய வீட்டுக் கமராவில் ஒரு குத்துச்சண்டை

என் மகள் தன் முதல் குத்துச்சண்டையில் வென்றாள். அன்றே, வீட்டுக்கு வரும் வழியில், காரில் தோற்றாள். மங்கரே மண்டபத்தில் புள்ளி போட உட்கார்ந்திருந்த மூவரும் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். முன் இருக்கையில் பெல்ட்டைப் போட்டபடி என் மனைவி எதிர்த் தீர்ப்புச் சொன்னாள். எங்கள் வீட்டில் எது செல்லும் என்பது கோப்பையைக் கையில் வைத்திருந்த மகளுக்கும் தெரியும்.

கோடை நேரம் முடிந்து கடிகாரத்தைப் பின்னே திருப்பும் வார இறுதியின் சனிக்கிழமை அது. அதற்கு முந்திய வாரம் என்று என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், இன்றும் சாதிக்கிறார். தவறு. சுவர்க் கடிகாரத்தைத் திருப்ப மறந்து, மறுநாள் காலை ஒரு மணி நேரம் முந்திப்போய்க் கோயிலின் பூட்டிய கதவை அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றதற்கு நானே சாட்சி.

வழக்கு இதுதான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண் குத்துச்சண்டைக்குப் போகிறேன் என்றபோது, தாய் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "அடி வாங்கி ஒருக்கா விழுந்தாலும் சரி, அதோட காணும். பேந்து அந்தக் கையுறையை இந்த வீட்டில நான் காணக்கூடாது." மகள் "டீல்" என்றாள். விழுவதைப் பற்றி யோசிக்கிற வயதில்லை.

இரண்டாம் சுற்றில் விழுந்தாள். உடனே எழுந்தாள். நடுவர் அவள் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி எட்டு வரை எண்ணினார். குத்து வாங்கி விழுந்தால் எண்ண வேண்டும். வழுக்கியோ தள்ளுப்பட்டோ விழுந்தால் கையுறையைத் துடைத்துவிட்டுச் சண்டையைத் தொடர வேண்டும். அவர் எண்ணினார். எங்கள் வீட்டுச் சட்டப்படி மகளின் குத்துச்சண்டை வாழ்க்கை அந்த எட்டோடு முடிந்தது. மூன்றாம் சுற்றில் அவள் எதிராளியைக் கயிற்றோரமாகத் துரத்தித் துரத்திக் குத்தி வென்றது, தாயின் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் வரவில்லை.

"அம்மா, அது ஸ்லிப். ஷீ புஷ்ட் மீ," என்றாள் பின் இருக்கையிலிருந்து.

"அப்ப றெஃபரி ஏன் எண்ணினவர்? பொழுது போகேல்லையோ?"

"ஹீ வாஸ் றோங்!"

"நீங்கள் பாத்தனீங்களோ அப்பா?" என்று மனைவி என்னைக் கேட்டாள்.

நான் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் விழுந்ததும் துள்ளி எழுந்தேன். அதனால் மங்கரே மண்டபத்துக் கூரையின் மின்விசிறிகள் மிகத் தெளிவாக என்னிடம் இருக்கின்றன.

"நீ பாத்தனியோ?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"நான் எங்கை பாக்கிறது? துவக்கத்தில இருந்து முடியுமட்டும் கண்ணை மூடித் தேவாரம் சொல்லிக்கொண்டெல்லோ இருந்தனான். றெஃபரி பாத்தவர். அவர் சொன்னாச் சரி."

மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானைக் கேட்டும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சங்கக் கிரிக்கெட்டுக்கு நடுவராக நிற்பவர் அவர். மருமகள் விழுந்த கணமே எழுந்து, இரண்டு விரல்களாலும் காற்றில் ஒரு பெரிய சதுரம் வரைந்தார். தொலைக்காட்சி நடுவரிடம் கேள் என்பதற்கான கிரிக்கெட் சைகை. மேடையிலிருந்த நடுவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இரண்டாம் முறை இன்னும் பெரிதாக வரைந்தபோது பாதுகாவலர் ஒருவர் வந்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்தார்.

"கிரிக்கெட்டில ஒரு எல்பிக்கு ஏழு கமரா வச்சுப் பாக்கிறாங்கள்," என்று எங்கள் வீடிருக்கும் பிளாட் புஷ் வரும்வரை பொருமினார். "இஞ்சை ஒரு பிள்ளையின்ர மண்டை. ஒரு கமரா இல்லை. என்ன நியாயம் மச்சான்?"

நியாயம்தான். ஆனால் நானும் வழி முழுக்க அதையே யோசித்தேன். கிரிக்கெட்டில் பந்து செத்த பிறகுதான் படம் பார்க்கிறார்கள். அதற்குள் யாருக்கும் மூச்சு வாங்க வேண்டியதில்லை. துடுப்பாட்டக்காரர் சூயிங்கம் மெல்லுவார். குத்துச்சண்டையில் சண்டையை நிறுத்திவிட்டுப் படம் பார்த்தால், தலை சுற்றி நிற்பவருக்கு அந்த நேரமே மருந்து. படம் முடிவதற்குள் அவர் தெளிந்துவிடுவார். நீதி கிடைக்கும், அதற்குள் சண்டை வேறு சண்டையாகிவிடும். ஆகவே சுற்று முடிந்து மணி அடித்த பிறகு, மூலையில் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் பார்க்கலாம் என்பது என் கட்சி. மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "உமக்கு வாசிச்சு வாசிச்சு மூளை கலங்கிப்போச்சு," என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, காரே அதிரும்படி தொடையில் அடித்தார்.

"எடேய், கமரா இருந்ததெல்லோ!"

இருந்தது. மச்சானே கூலி கொடுத்து ஏற்பாடு செய்த கமரா. மகளின் சாமத்திய வீட்டை, அதாவது அவள் பெரியபிள்ளையான சடங்கை, படம் எடுத்த அதே ஆள். மதுரைக்காரர், ரானுயியில் இருக்கிறார், கல்யாணம், வளைகாப்பு, வீடு குடிபூரல் எல்லாம் எடுப்பார். மண்டபத்தில் அவர் மேடையை ஒட்டி ஒரு பக்கத்தில், வெள்ளைச் சட்டையில், மணமகன் வருவதைப் பார்த்து நிற்பவர் போலவே நின்றிருந்தார்.

மறுநாளே அழைத்தேன்.

"எடிட் பண்ணாம குடுக்க மாட்டேன் சார்," என்றார். "ரா ஃபுட்டேஜ் குடுத்தா என் பேரு கெட்டுப்போகும்."

"எனக்கு இரண்டாம் சுற்று மட்டும் போதும்."

"பாட்டு போட வேணாமா சார்?"

இழுத்தடித்தார். அதற்குள் கையுறைகள் காராஜில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டன. அடுத்த சண்டைக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் தாயோடு கதைப்பதை நிறுத்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி பெருமூச்சு விட்டுக்கொண்டு திரிந்தாள். பெயர் கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் பின்னேரம், வீடியோக்காரர் படத்தோடு நேரிலேயே வந்தார். மச்சான் அவருக்கு முன்னமே வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார், தீர்ப்பளிக்கத் தயாராக.

தொலைக்காட்சியில் ஒரு தாமரை விரிந்தது. உள்ளிருந்து என் மகள் கையுறைகளோடு எழுந்தாள். சுற்றிலும் ரோஜா இதழ்கள் பொழிந்தன. நாதசுரம் வாசித்தது.

"ஓ மை காட்," என்று மகள் தலையணையில் முகத்தைப் புதைத்தாள்.

"ஓடவிடும், ஓடவிடும்," என்றார் மச்சான். "இரண்டாம் சுற்று."

இரண்டாம் சுற்று வந்தது. இரண்டு பெண்களும் நெருங்கினார்கள். எதிராளி மகளின் தோளருகே வந்தாள். நாங்கள் எல்லோரும் முன்னே சாய்ந்தோம். கமரா மெதுவாக, மிக அழகாக, இடப்பக்கம் திரும்பியது.

திரையில் மச்சானின் மனைவி வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது!" மச்சான் எழுந்துவிட்டார். "சண்டை அங்கால நடக்குது!"

"சார், தாலி கட்டுறப்பகூட நாங்க ஒரு ரவுண்டு சொந்தக்காரங்க முகத்த எடுத்துருவோம்," என்றார் வீடியோக்காரர், கொஞ்சமும் கலங்காமல். "இல்லேன்னா 'நான் எங்கேயுமே இல்லியே'ன்னு அப்புறம் சண்டைக்கு வந்துருவாங்க. ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒரு தடவை எடுத்திருக்கேன். எல்லாரும் இருக்கீங்க, பாருங்க."

எல்லோரும் இருந்தோம். நான் கைபேசியோடு துள்ளினேன். மச்சான் சதுரம் வரைந்தார். கமரா இன்னும் கொஞ்சம் திரும்பியது. அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை மேல் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கண்கள் மண்டபத்திலேயே பெரிதாகத் திறந்திருந்தன. கைப்பையைத் தலைக்கு மேல் சுழற்றினாள். வீடியோக்காரர் பாட்டு போடாத ஒரே இடம் அதுவாக இருந்தபடியால், குரல் தெளிவாகக் கேட்டது.

"தள்ளிப் போட்டாள்! குத்தேல்லை, தோளால தள்ளிப் போட்டாள்! றெஃபரி, உமக்குக் கண் பொட்டையோ? எழும்படி பிள்ளை! எழும்பி இடக்கையால குடு! வயித்தில குடு!"

பிறகு மகள் தலையணையை இறக்கிவிட்டு, ரிமோட்டை எடுத்து, கொஞ்சம் பின்னே போனாள். மறுபடியும் கைப்பை சுழன்றது. மறுபடியும் பின்னே போனாள்.

"தேவாரமோ தங்கச்சி?" என்றார் மச்சான். "எந்தப் பதிகத்தில வருது, வயித்தில குடு எண்டு?"

மனைவி வீடியோக்காரரைப் பார்த்தாள். "தம்பி, உம்மை ஆர் என்ர பக்கம் திருப்பச் சொன்னது?"

"அம்மா முகம் முக்கியம்லங்க," என்றார் அவர்.

"அம்மா," என்றாள் மகள், தமிழிலேயே, அதுவும் மிக மரியாதையாக. "நீங்க பாத்தீங்க. தள்ளினவள் எண்டு நீங்களே சொல்லியிருக்கிறீங்க."

மனைவி எழுந்து குசினிக்குப் போனாள். பாத்திரங்கள் கொஞ்சநேரம் சத்தம் போட்டன. பிறகு காராஜ் கதவு திறந்தது. கையுறைகளைக் கொண்டுவந்து சோபாவில் மகளின் மடியில் போட்டாள். "அரிசி வாசம் அடிக்குது, வெயிலில காயப்போடு," என்றாள். மச்சான் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்துத் தாழ்த்தி, ஆட்டமிழக்கவில்லை என்று சைகை காட்டினார். யாரும் கேட்காமலே.

வெள்ளிக்கிழமை பெயர் கொடுக்கப் போனபோது பயிற்சியாளர் ஒரு செய்தி சொன்னார். எதிராளியின் மாமா முழுச் சண்டையையும் நேர் எதிரே நின்று, கைபேசியை ஆட்டாமல் எடுத்திருக்கிறாராம். இரண்டாம் சுற்று அப்படியே இருக்கிறதாம். அனுப்பச் சொல்லவா என்று கேட்டார்.

நாள், கிழமை பிசகினால் இரவில் நித்திரை வராத ஆள் நான். நடந்தது என்னவென்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

அவள் அடுத்த சண்டைக்கு யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"தீர்ப்புச் சொல்லியாச்சு. இனி ஆரும் படம் அனுப்பத் தேவையில்லை. உங்கட மதுரைக்காரனுக்கு மட்டும் சொல்லிவிடுங்கோ, அடுத்தமுறை நான் அவன்ர கமராவுக்குப் பின்னாலதான் இருப்பன் எண்டு."