பழைய எண்ணெய் கேட்கப் போன கதை

இன்னிக்குக் காலையில, பத்து பெரண்டாம் ஊர்ல நான் தினமும் பசியாறுற கடையில போய், "மாமா, கோழி பொரிச்ச பழைய எண்ணெய் ஒரு போத்தல் கிடைக்குமா?"ன்னு கேட்டேன்.

கடைக்கார மாமா என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "எதுக்குமா?"

"எங்க லேப்ல வளர்க்கிற பாக்டீரியா, வீணாப் போற எண்ணெயைத் தின்னுட்டு சோப்பு மாதிரி ஒண்ணு தரும் மாமா. அதை சிங்க் ஆக்சைடு நானோ துகள் மேல பூசி, மருந்துக்கு அடங்காத கிருமியைக் கொல்லுதான்னு பார்க்கிறோம்."

"கால் புண்ணுல இருக்கிற கிருமியையுமா?"

அப்பதான் அவர் கால்ல கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்தேன். இனிப்பு நீர் வியாதியாம். மூணு மாசமா புண்ணு ஆறலையாம்.

"அதையும்தான் மாமா. ஆனா மருந்தா வர ரொம்ப நாளாகும்."

நொண்டிக்கிட்டே உள்ள போனவரு, பிரிக்காத அஞ்சு கிலோ புது எண்ணெயோட வந்தாரு.

"படிக்கிற பிள்ளைக்குப் போய் அழுக்கு எண்ணெயைக் கொடுக்கிறதா? நல்லபடியா செய்மா."

அந்த முகத்தைப் பார்த்து எப்படி வேணாம்னு சொல்றது? கண்ணு கலங்க வாங்கிட்டு வந்துட்டேன்.

இப்ப வீட்ல வடை சுட்டுக்கிட்டிருக்கேன். அஞ்சு கிலோவும் பழசாகணும் லா. யாரெல்லாம் சாப்பிட வர்றீங்க? முதல் தட்டு மட்டும் மாமாவுக்கு.