பேப்பர் மாஸ்டரின் வலது கை

பெட்ரோல் போடுவதற்கு முன்னால் மாஸ்டருக்கு ஒரு சொட்டு வேண்டும். சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். பம்ப்காரர் குழாய் முனையை அதில் ஒற்றியதும் வெயிலில் பிடித்துக் காயவிடுவார். கறை இல்லாமல் காய்ந்தால் நல்ல சரக்கு, கறை தங்கினால் கலப்படம். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டும். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நான்கு பங்க்குகளில் அவருக்குப் 'பேப்பர் மாஸ்டர்' என்று பெயர். ஐந்தாவதில் இன்னும் வைக்கவில்லை, போன வாரம்தான் அங்கே போக ஆரம்பித்திருக்கிறார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரு கார், ஒரு பெயர்ப்பலகை, பள்ளி என்றால் அவ்வளவுதான். பக்கத்து இருக்கையில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக அவர் ஓதும் மந்திரம் ஒன்றுதான்: "சீக்கிரம் நாலுக்குப் போங்க. போயிட்டா அதுலயே இருங்க. சும்மா சும்மா கியரை இறக்குனா பெட்ரோலை யாரு ஊத்துறது?" மேம்பாலம் ஏறும்போது யாராவது பயந்துபோய் மூன்றாவது கியருக்கு இறக்கப் பார்த்தால், மாஸ்டரின் வலது கை கியர்க்கம்பியின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதை அசைக்க முடியாது.

பழைய பெரிய காரைக் கொடுத்துவிட்டு இந்தச் சின்னக் காரை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அன்று பிடித்தது தலைவலி. மேம்பாலத்தில் பாதி ஏறியதும் இன்ஜின் தட்டும். டம்ளருக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். மட்டமான பெட்ரோல்தான் காரணம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஆனால் டாஷ்போர்டில் சேர்ந்திருக்கும் முப்பது தாள்களில் ஒன்றில்கூடக் கறை இல்லை.

குழப்பம் அதோடு போகவில்லை. மெக்கானிக் தனியாக அந்தப் பாலத்தில் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமே கேட்கவில்லை என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். காலையில் அதே காரில் அதே பாலத்தின் வழியாகத்தான் மாஸ்டரின் மனைவி வேலைக்குப் போய்வருகிறார். அவருக்கும் கேட்டதில்லை. ஒரே டேங்க், ஒரே பெட்ரோல். ஆள் பார்த்தா தட்டும்? மாஸ்டர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் மாஸ்டர்தான். அவரிடம் கற்றவர்களில் அவர் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் அந்த அம்மாள். துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "நான் பாலத்துல மூணுலதான் ஏறுவேன். நீங்க நாலுலயே வச்சு அதை மூச்சு முட்ட வைக்கிறீங்க. சின்ன வண்டிங்க, பாவம். முனகாம என்ன செய்யும்?"

மாஸ்டர் சிரித்து மழுப்பினார். ஆனால் தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டார். பெட்ரோல் மோசம் என்றால் பங்க்கை மாற்றிவிடலாம். சொல்லிக்கொடுத்ததே தப்பு என்றால்? அவரிடம் படித்தவர்கள் இந்நேரம் எத்தனை மேடுகளில் எத்தனை சின்னக் கார்களை நாலாவது கியரிலேயே முக்கவைத்துக்கொண்டிருப்பார்கள்? அவருக்குப் பயமாக இருந்தது. எழுந்துபோய் முப்பது தாள்களையும் மறுபடி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

மறுநாள் முதல் வகுப்பு தையல்கார அம்மாவுக்கு. ஐம்பது வயதில் கார் பழகுகிறவர், ஸ்டியரிங்கை விட்டால் பறந்துவிடும் என்பதுபோல் பிடித்திருப்பார். பாலத்தில் பாதி ஏறியதும் சத்தம் ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் மாஸ்டரின் கை கியர்க்கம்பிக்குப் போய்விட்டது. அந்த அம்மாவின் கை அதன் பக்கத்திலேயே அந்தரத்தில் நின்றது.

"மாஸ்டர், இறக்கட்டுமா? திட்ட மாட்டீங்களே?"

மாஸ்டர் கையை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறி, தன் தொடைக்கு அடியில் செருகி, பாலம் இறங்கும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.