ரெண்டு தபா பாரு

அக்கா முதல் தடவை நீட் எழுதியபோது நான் மூன்றாம் வகுப்பு. கொஞ்ச மதிப்பெண்ணில் டாக்டர் சீட்டு கைநழுவிப் போயிற்று. பாடம் தெரியாமல் அல்ல, அவசரத்தால். ‘தவறானது எது’ என்று கேட்டிருந்த இடங்களில் சரியானதைக் கறுப்படித்துவிட்டு வந்திருந்தாள். அயனம்பாக்கத்தில் இருந்த எங்கள் சொந்தபந்தம் மொத்தமும் அந்தத் தப்புகளை மனப்பாடமாகச் சொல்லும்.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த பாகங்களைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. தன் கையைத் தாண்டி ஒரு கோணல் போல்ட்கூட வெளியே போனதில்லை என்பதில் ஏகப்பட்ட கர்வம். மறு வருஷம் அக்காவை அவரே கையில் எடுத்துக்கொண்டார்.

“இன்னா அவசரம்? மொத கேள்விலேர்ந்து வரிசையா வா. ஒவ்வொண்ணையும் ரெண்டு தபா பாரு. அப்பால அடுத்தது.”

கோச்சிங்கில் உயிரியலை முதலில் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. “அதான் நல்லா தெரியுமே, கடைசீல எய்து” என்றார் அப்பா. பழைய வினாத்தாள்களை வைத்து வீட்டில் தினமும் ஒத்திகை நடந்தது. கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. தப்புகளை எண்ண நான் இருந்தேன். அவை குறையக் குறைய, நானே டாக்டராகப் போவதுபோல எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் அப்பா கேட்டது ஒன்றுதான். “தப்பு எதுனா வுட்டியா?”

“இல்லப்பா.”

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தோம்.

மறுநாள் யூடியூபில் விடைகள் வந்தன. அக்கா வினாத்தாளில் டிக் அடித்திருந்ததை நான் வாசிக்க வாசிக்க, அப்பா செல்போனைப் பார்த்து ஒப்பிட்டார். இயற்பியல் முழுக்கச் சரி. வேதியியலும் சரி. அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பக்கத்தைத் திருப்பினேன். உயிரியலில் முதல் சில கேள்விகளுக்கு அப்புறம் பேனா படவே இல்லை.

“இன்னாம்மா இது?”

“டைம் பூட்ச்சிப்பா. நீ சொன்ன மாதிரிதான் பண்ணேன்.”

அக்காவின் குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால்கூட அப்பா தாங்கிக்கொண்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கோ சந்தோஷம் அடங்கவில்லை. “ஆனா ஒரு தப்புகூட இல்லப்பா!” என்று கைதட்டிக் குதித்தேன். அப்பா செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஒரு தப்பும் செய்யாத பெண்ணைப் பெற்றவர் எதற்காக இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.