யாருடைய துணி என்று கேட்கக்கூடாது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பியாகிய என் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் உண்டு என்று சிலர் நினைக்கலாம். யார் யார் அப்படி நினைக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஓய்வு பெறும்வரை ஜாகாவாகக் காவல் நின்று, வேலை முடிந்து போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்த்தவன் நான். வேலை போய்விட்டது, அந்தக் குணம் போகவில்லை. "சாமியே வந்து முன்னால நின்னாலும் நீ அடையாளத்துக்கு ஐ.சி. கார்டு கேப்படா" என்று அக்கா சொல்வார்.

அக்கா பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். நான் பிறந்தபோது அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அம்மா வேலைக்காட்டுக்குப் போன நேரமெல்லாம் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவர் அவர்தான். தோட்டம் செம்பனைக்கு மாறி ஆட்களைக் குறைத்தபோது அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, விடியுமுன் வந்து நிற்கும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார். மெத்தை விரிப்பும் போர்வையும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டார். என் பள்ளிச் சீருடைகள் எல்லாம் அக்கா தைத்தவை. கால்சட்டை கிழிந்தால் ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்கே தெரியாது. தெரிகிறதா என்று நான் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

பாலிங்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமாவுக்கு அக்காவைக் கொடுத்தோம். நல்ல மனிதர். நான் பல நாள் விசாரித்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன். பிள்ளைகள் இல்லை என்ற குறையை இருவரும் வெளியே காட்டிக்கொண்டதில்லை. மாமா தவறிய பிறகு அக்கா பாலிங் வீட்டைக் காலி செய்துவிட்டு, சுங்கை லாலாங்கில் என் வீட்டுக்கு அடுத்த தெருவுக்கு வந்தார். கிரில் கதவைப் பூட்டாமல் உட்கார்ந்து போர்வை தைத்துக்கொண்டிருப்பார். பூட்டு வாங்கிக் கொடுத்தேன். அதைத் துணி பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொண்டார்.

அந்தப் போர்வைகளைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் தாமான் குடியிருப்பின் மகளிர் தையல் சங்கத் தலைவி திருமதி பார்வதி வீடு தேடி வந்தார். சனிக்கிழமைகளில் சமூக மண்டபத்தில் சங்கப் பெண்களுக்கு ஒட்டுப்போர்வை சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. அதுவரை தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன அம்மையார், எதற்காக முறுக்குத் தட்டோடு வருகிறார்? வேலையை அக்காவிடம் வாங்கிக்கொண்டு பேரைத் தாம் தட்டிக்கொண்டு போவாரோ?

"எதுக்கும் நானும் கூட வரேன்க்கா" என்றேன்.

"நீ வராட்டி எனக்குக் காடி ஓட்ட ஆள் ஏதுடா" என்றார் அக்கா.

இப்படியாகச் சனிக்கிழமை மதியங்களில் அக்கா உள்ளே பாடம் நடத்த, நான் மண்டப வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாளிதழ் படித்தேன். படித்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். யார் என்ன கொண்டு வருகிறார்கள், யார் என்ன கொண்டு போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, என் பையச் செக் பண்ணலியா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்கள் மீது எனக்குக் கூடுதல் கவனம்.

அக்கா வைத்த முதல் விதியே எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் வீட்டிலிருந்து துணியைத் துவைத்துக் கொண்டுவந்து ஒரே மேசையில் குவிக்க வேண்டும். "மேசையில வெச்சிட்டா அது உங்களுது இல்ல. யாரோட துணின்னு யாரும் கேக்கக்கூடாது. கேட்டீங்கன்னா அவங்கவங்க துணிய அவங்கவங்களே எடுத்துக்குவீங்க, அப்புறம் கலர் சேராது" என்றார். கணக்கும் இல்லை, பதிவும் இல்லை, பொருள் மட்டும் உள்ளே வருகிறது. வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை பரபரத்தது.

அக்கா நாலு பேர் முன்னால் பேசத் தெரிந்த மனிதர் என்பதையே அந்த மண்டபத்தில்தான் கண்டேன். அட்டையை வைத்துக் கட்டம் வெட்டுவது, ஓரத்தில் நகத்தின் அகலம் தையலுக்கு விடுவது, தைத்ததும் மடிப்பை ஒரே பக்கமாகத் தேய்ப்பது என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். கோணலாகத் தைத்தவரிடம், "பிரி. நூலுதான் போவுது, உசுரா போவுது?" என்பார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இன்றைக்கு இவர் இப்படித் தைத்தார், அவர் அப்படித் தைத்தார் என்று பேசிக்கொண்டே வருவார். மாமா போன பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. சனிக்கிழமையை நம்பித்தான் அவர் மற்ற நாட்களைக் கழித்தார்.

சில மாதங்களில், எல்லோரும் சேர்ந்து ஒரே போர்வை தைப்பது என்று முடிவானது. தலைவியின் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. தொட்டிலில் போடும் நாளுக்கு அந்தப் போர்வை. அப்போதுதான் இரண்டு பெண்கள் வாசலில் நின்று, தாலி இழந்தவர், பிள்ளை பெறாதவர், அவர் கை பட்ட போர்வை பச்சைக் குழந்தைக்கு ஆகுமா என்று பேசினார்கள். நான் இருப்பதைப் பார்த்ததும் மலாயில் தொடர்ந்தார்கள், எனக்கென்னவோ மலாய் தெரியாது என்பதுபோல. அக்காவிடம் சொன்னேன். "தெரியும்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

போர்வையின் மேல்துணி முடிந்த அன்று, தேய்ப்பதற்காக அதைத் திருப்பிப் போட்டார்கள். கட்டங்களுக்கு நடுவே நெடுகிலும் வெள்ளைப் பட்டை ஓடியது. திருப்பிப் பார்த்தபோது ஒரு மடிப்புக்குள் மெல்லிய ஊதாக் கரை தெரிந்தது. தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"இது கோடிச் சேல கரை மாதிரி இல்ல?"

கணவன் இறந்த பதினாறாம் நாள் பெண்ணுக்குத் தாய்வீட்டார் போடும் சேலையை நம்மில் யாருக்கு அடையாளம் தெரியாது? அது போய்ப் பிறக்கப்போகும் குழந்தையின் போர்வையில் இருக்கிறது. தலைவியின் முகம் வெளுத்துவிட்டது. "யார் வெச்சது? என் பொண்ணுக்கு யார் இப்படிச் செஞ்சது?" என்று கத்தினார். ஒருவர் செய்வினை என்றே சொல்லிவிட்டார். எல்லாக் கண்களும் ராஜம் மீது திரும்பின. முந்தின வருடம்தான் அவர் கணவரைப் பறிகொடுத்தவர். என் கண்ணும் அங்கேதான் போனது. அவர் துணியைக் கறுப்புப் பையில் சுற்றிக் கொண்டுவருவதை நான் பல வாரமாகக் கவனித்திருந்தேன்.

"சத்தியமா நான் இல்லக்கா" என்று ராஜம் அழுதார். "இனிமே இவங்க வரக்கூடாது" என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா மேசையைத் தட்டினார். "அவங்கள விடுங்க. அது என் துணி."

யாரும் நம்பவில்லை. "நீங்க நல்லவங்க டீச்சர், அவங்களக் காப்பாத்தச் சொல்றீங்க" என்றார் தலைவி. எனக்கும் அதே நினைப்புத்தான். காடியில் ஏறியதும் கேட்டேன்.

"உண்மையச் சொல்லுக்கா. ராஜத்துக்காகத்தான அப்படிச் சொன்ன?"

"இல்லடா."

"பின்ன அந்தச் சேல எங்கேருந்து வந்துச்சு?"

"நீ வாங்கிக் குடுத்தது."

காடியை ஓரமாக நிறுத்தினேன். மாமாவின் பதினாறாம் நாளுக்குத் தாய்வீட்டுக் கோடி போட்டவன் நான்தான். கடையில் போய்க் கோடிச் சேலை என்றேன், அவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள், வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தேன். தொழிற்சாலை முழுவதன் பைகளையும் பிரித்துப் பார்த்தவன் அந்த ஒரு பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. எப்படிப் பிரிப்பேன்?

"ஒரு நாளும் கட்டல" என்றார் அக்கா. "கட்டவும் மனசில்ல, தூக்கிப் போடவும் மனசில்ல. நல்ல பருத்தி. நீ எனக்கு வாங்கிக் குடுத்த சேலடா அது. தீவாளிக்கு வாங்கினா சீரு, சாவுக்கு வாங்கினா தீட்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டு ஏர்கோனைக் கூட்டி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா மீதிச் சேலையை எடுத்துவந்து மேசையில் விரித்தார். வெட்டிய இடமும் பட்டையும் பொருந்தின. ராஜத்தின் மேல் இருந்த பழி அத்தோடு நீங்கியது. என்னிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னார். பிறகு தையல் பிரிக்கும் ஊசியைத் தலைவியிடம் நீட்டினார். "பிரிச்சிடலாம்மா, உங்க பேரப்புள்ள, நீங்க சொல்றதுதான். ஆனா இந்தப் பட்ட எல்லாக் கட்டத்தையும் பிடிச்சிட்டு ஓடுது. எல்லாத்தையும் மறுபடி தைக்கணும்."

தலைவி ஊசியை வாங்கவில்லை. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று மேல்துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வகுப்பு இல்லை. மண்டபம் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். "போர்வையக் கொளுத்தியிருப்பாங்கக்கா" என்றேன். சனிக்கிழமை மதியமானால் அக்கா பழக்கத்தில் நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். அந்தத் தாமானில் ஒருவரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை தலைவி வந்தார், மறுபடியும் முறுக்கோடு. மேல்துணி அப்படியே இருந்தது, ஒரு தையல்கூடப் பிரியாமல்.

"எம்மகதான் டீச்சர் சொன்னா" என்றார். "அவளுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. புள்ளைக்குத் தாய்மாமன் சீர் செய்ய ஆள் இல்லியேன்னு எங்களுக்குக் கவலதான். இது தம்பி அக்காவுக்கு வாங்கிக் குடுத்த சேலன்னு நான் சொன்னதும், அப்ப அது தாய்மாமன் துணிதானம்மா, எம்புள்ள மேல கெடக்கட்டும்னுட்டா. அண்ணே, நீங்களே வந்து தாய்மாமன் எடத்துல உக்காந்துடுங்கலா."

சீர் செய்ய ஆள் பிடிக்கிறார்கள் என்று எனக்கு முதலில் தோன்றியது உண்மை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அக்கா பஞ்சு வைத்துப் போர்வையைத் தைத்து முடித்துக் கொடுத்தார். தொட்டிலில் போட்ட நாளில் வெள்ளி அரைஞாண் கொடியோடு போய் உட்கார்ந்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் போர்வையின் முனையைத் தூக்கியும் பார்த்தேன், பட்டையை மாற்றியிருப்பார்களோ என்று. மாற்றவில்லை. அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரை அழைத்துத் தொட்டில் கயிற்றைக் கையில் கொடுத்தவர் தலைவிதான்.

வகுப்பு மறுபடி தொடங்கியது. ராஜம் கறுப்புப் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து மேசையில் வைத்தார். பிரிக்காத மடிப்பு, ஊதாக் கரை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அதே மாதிரிச் சேலைகள் இன்னும் சில மேசைக்கு வந்தன. எந்தெந்த வீட்டு அலமாரியிலிருந்து வந்தன என்று கண்டுபிடிக்க நான் வாசலில் இருந்து எவ்வளவோ முயன்றேன். அக்கா என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

அக்காவின் கடைசி நாட்கள் அதிகம் வதைக்காமல் போயின. நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்த்தோம். கட்டிலைச் சுற்றிச் சங்கப் பெண்கள் முறை போட்டு இருந்தார்கள். ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே அமைதியானார்.

நன்றி சொல்லும் கடமை இருக்கிறது. மருத்துவமனைத் தாதியருக்கும், பாலிங்கிலிருந்து வந்து சேர்ந்த மாமாவின் உறவினருக்கும், கூடாரம் போட்டு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்த அடுத்த வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், தோள் கொடுத்த தாமான் இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அழுது முடித்த கையோடு பாத்திரம் கழுவிய ராஜத்துக்குத் தனியாக நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அக்காவுக்குத் தாய்வீட்டுக் கோடி எடுக்க நான்தான் போனேன். இந்த முறை கடையிலிருந்த சேலைகளையெல்லாம் பிரிக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல பருத்தியாக ஒன்று எடுத்து வந்தேன். அக்காவின் மேல் போர்த்தப் போகும் நேரத்தில் தலைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் கத்தரிக்கோல். துக்க வீட்டுக்குக் கத்தரிக்கோலோடு எதற்கு வந்தார் என்று எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

"அண்ணே, போத்தறதுக்கு முன்னால ஒரு முழம் வெட்டிக்கிறேன்" என்றார். "டீச்சர் துணியும் மேசையில இருக்கணும்ணே."

பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். நான் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வெட்டுங்கம்மா என்றேன். அவருக்கும் என் நன்றி.