தங்கம் முழுங்கிய மேஸ்திரி

தங்கவயலுக்கு மின்சார விளக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நந்திதுர்க் பக்கம் ஒரு சுரங்கத்தில் எனக்கு மரவேலை. மரவேலை என்றால் நாற்காலி மேசை செய்வதல்ல. பூமிக்கடியில் பாறை சரியாமல் இருக்கக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தும் வேலை. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த நாளிலிருந்து அதையேதான் செய்துகொண்டிருந்தேன். மேலே மின்சாரம் எரிந்தாலும் நாங்கள் வேலை செய்த ஆழத்தில் மெழுகுவர்த்திதான்.

அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். பிறந்த வருஷத்தை யார் எழுதி வைத்தார்கள்? அந்த வருஷம்தான் சிறுநீர்த் தொந்தரவு ஆரம்பித்தது. முட்டிக்கொண்டு வரும், போய் நின்றால் வராது. வெகுநேரம் நின்றால் சொட்டுச் சொட்டாகப் போகும். திரும்பி வந்து கோடாலியை எடுத்தால் மறுபடியும் முட்டும். வேலை முடிந்து கைவிட்ட பழைய சந்து ஒன்று பக்கத்தில் இருந்தது. ஒரு ஷிப்டில் எட்டுத் தடவையாவது அதற்குள் போய் நிற்பேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுத்தான் போவேன்.

தங்கச் சுரங்கத்தில் ஒருவன் இருட்டுச் சந்துக்குள் இப்படிப் போய்ப் போய் வந்தால் என்ன நினைப்பார்கள்? தங்கம் இருக்கிற கல்லை ஒளித்து வைக்கிறான் என்றுதான். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் எல்லோரையும் கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். தலைமுடியைக் கலைப்பார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள், கோமணம் வரைக்கும் பார்ப்பார்கள். என் முறை வந்தால் மட்டும் இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

சோதனை போட்டவர் ஒரு ஜமேதார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், ஏறக்குறைய என் வயது. கேட்டில் ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் ஒருநாள் காலை அவரே கீழே இறங்கி வந்துவிட்டார். நான் சந்துக்குள் நின்றுகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது.

“இன்னாய்யா பண்ற இங்க, இருட்ல?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா எட்டு வாட்டி வந்துக்கினு கீற?”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. பெண்டாட்டியிடமே சொல்லாததை இந்த மீசைக்காரரிடமா சொல்வேன் என்ற வீம்பு. திருடன் என்ற பெயர் வந்தாலும் வரட்டும், மூத்திரம் போகாதவன் என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்று நிஜமாகவே நினைத்தேன். இவ்வளவு முட்டாளாக ஒருவன் இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள். இருந்தேன்.

மேலே கூட்டி வந்து கேட் அறையில் நிற்க வைத்தார்கள். சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை வந்து விசாரிக்க வேண்டுமாம். வெயில் ஏற ஏறக் கொஞ்சநஞ்சம் போய்க்கொண்டிருந்ததும் அடியோடு நின்றுவிட்டது. வலி என்றால் அப்படி ஒரு வலி. வேர்த்துக் கொட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஜமேதார் என் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லுப்போல இருந்தது.

“கல்ல முழுங்கிட்டாம்பா இவன்” என்றார்.

அப்படித்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்மேல் இரக்கப்பட்டு யாரும் தூக்கிப் போகவில்லை, வயிற்றிலிருந்து தங்கத்தை எடுக்கத் தூக்கிப் போனார்கள். அங்கே கம்பவுண்டர் பேதியாக விளக்கெண்ணெயை எடுத்து வாயில் ஊற்றத் தயாராகிவிட்டார். நல்லவேளை, டாக்டர் துரை வந்தார். ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார், ரப்பர் குழாய் கொண்டுவரச் சொன்னார். அதை உள்ளே செலுத்தியதும் பாத்திரம் நிரம்பி வழிந்தது. வலி போன சுகத்திலும் மானம் போன துக்கத்திலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஜமேதார் கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் சொன்னார். மூத்திரப் பையின் கழுத்தில் சதை வளர்ந்து வழியை அடைத்திருக்கிறது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், அது வெறும் சதையா புற்றா என்பது வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், உயிருக்கு அவர் பொறுப்புச் சொல்ல முடியாது. என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “முப்பது வருசமா உங்க துணிய தொவைச்சிக்கினு கீறேன். எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாங்க வெக்கம்?” என்று கேட்டாள்.

மயக்க மருந்து கொடுத்து அறுத்தார்கள். கண் விழித்தபோது அடிவயிற்றில் ஒரு குழாய் இருந்தது. எடுத்த சதையில் ஒரு ஓரத்தில் புற்று பிடிக்க ஆரம்பித்திருந்ததாம், முழுசாக வந்துவிட்டது என்றார் டாக்டர். தினமும் மூத்திரப் பையைக் கழுவினார்கள். சில நாள் கழித்துக் குழாயை எடுத்த பிறகும் அந்தப் புண் வழியாகவே சிறுநீர் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை துணி வைத்துக் கட்டினாலும் நனைந்துவிடும், நாற்றம் எனக்கே தாங்காது.

ஜமேதார் தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வியாகக் கேட்பார். எப்போது ஆரம்பித்தது, ராத்திரி எத்தனை தடவை எழுந்தாய், எரிந்ததா? இந்த ஆள் இன்னும் தங்கத்தை விடவில்லை, போலீஸ் விசாரணை மாதிரி நோண்டுகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் முக்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு, என் காதருகே குனிந்தார்.

“எனக்கும் ராத்திரில அஞ்சு வாட்டி எழுந்துக்க வேண்டியதா கீது. ரெண்டு நாளா ரத்தமா போவுது. அறுத்தா ரொம்ப வலிக்குமா?”

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? சந்தோஷம்தான் தோன்றியது. மறைத்து என்ன பயன். “கேட்ல நிக்க வெச்சி நல்லா சோதனை போட்டுப் பாத்துக்குங்க ஜமேதாரே” என்றேன், சத்தமாகவே. பக்கத்துக் கட்டில்காரர் விஷயம் தெரியாமல் சிரித்தார். ஜமேதார் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கஞ்சி கொண்டுவந்த மனைவியிடம், ஊரில் என்னைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டேன். “தங்கத்த முழுங்கினீங்கன்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க. ஜமேதார்தான், அதெல்லாம் இல்ல, சாதா வயித்து வலின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு. வேற ஒண்ணும் யாருக்கும் தெரியாது” என்றாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நான் அழுததைப் பார்த்த மனிதர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் தன் பயத்தைச் சொன்னபோது நான் அடுத்த கட்டிலுக்குக் கேட்கும்படி கேலி செய்திருக்கிறேன். ரத்தம் வருகிறது என்றாரே, அதற்குமேல் எத்தனை நாள் தாங்கும்?

மூன்றாம் நாள் கம்பவுண்டர் அந்தண்டை போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கேட் அதிக தூரமில்லை, ஆனால் அன்றைக்கு அது முடிவதாகவே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் மாறும் நேரம். ஒரு கூட்டமே வரிசையில் நின்றது. என் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

ஜமேதார் என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. அவர் ரகசியத்தைப் போட்டு உடைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். வரிசையில் ஒருவன், “மேஸ்திரி, வேட்டியெல்லாம் இன்னா இது?” என்று கேட்டான்.

“மூத்திரம்” என்றேன். “அடைச்சிக்கினு இருந்தது, வயித்த அறுத்தாங்க, இன்னும் ஒழுகுது. அதுக்குத்தான் அந்த சந்துக்குப் போய்க்கினு இருந்தேன். தங்கத்துக்கு இல்ல. ஜமேதார் வந்து சாட்சி சொல்லணுமாம், டாக்டர் துரை கூப்பிடறாரு. வாங்க ஜமேதாரே.”

சாட்சி சமாச்சாரம் சுத்தப் பொய், அவர் விஷயம் வெளியே தெரியாமல் டாக்டரிடம் கூட்டிப்போகத்தான் சொன்னேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு உடம்பெல்லாம் குத்தியது, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஜமேதார் என்னோடு நடந்தார். என்னால் வேகமாக நடக்க முடியாது, அவரும் அடியைச் சுருக்கிக்கொண்டார். பாதி வழியில் ஒரு பாறை மறைவில் அவர் ஒதுங்க வேண்டியிருந்தது. வெகுநேரம் ஆயிற்று. அதுவரை யாரும் அந்தப் பக்கம் வராமல் நான் சாலையில் காவல் நின்றேன்.

அடுத்த மாதம் அவருக்கும் அறுத்தார்கள். தினமும் சாயங்காலம் நான் போய் அந்த முக்காலியில் உட்கார்ந்து, இன்றைக்கு இப்படி வலிக்கும், நாளைக்கு இப்படிக் கசியும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பிழைத்து எழுந்து மறுபடியும் கேட்டுக்கு வந்தார். அதற்காக எனக்குச் சோதனையில் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை, வாயைத் திற என்றுதான் சொல்வார். நல்ல சாவாகவே பல வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். அவர் குடும்பமும் இப்போது இங்கே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தங்கம் முழுங்கிய மேஸ்திரி என்று இன்றும் என்னைக் கேலி செய்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் யாராவது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தால், சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன். அந்த மூன்று நாளில் ஜமேதார் செத்துப்போயிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.