மச்சான் உடைத்த ஓட்டை

எங்கள் குளியலறைச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு கல்லைப் பெயர்த்தெடுத்த அளவில் ஓர் ஓட்டை இருக்கிறது. கம்பியில்லை, கண்ணாடியில்லை. மாரியில் சாரல் அடிக்கும், சில நாள் அணில் எட்டிப் பார்க்கும். அண்ணாந்து அதை ஒரு தடவை பார்க்காமல் நான் கதவைத் தாழிடமாட்டேன். பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதை உடைத்தவர் என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான்.

மச்சான் சவூதியில் ஒரு ஹோட்டலில் கேஸ் வேலை பார்த்துவிட்டு வந்து, கல்முனையில் கேஸ் அடுப்புத் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் மூன்றாவது பிள்ளையைச் சுமந்திருந்த நேரம், கத்தாரில் இருந்த என் கணவர் தண்ணீர் சுடவைக்கும் கேஸ் ஹீட்டர் ஒன்றைக் கார்கோவில் அனுப்பினார். வெளிச்சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். கடற்கரை உப்புக்காற்றுக்கு ஒரு வருஷமும் தாங்காது, உள்ளேதான் மாட்ட வேண்டும் என்று உம்மா சொல்லியனுப்பினா. உம்மா காலத்துப் பெண்கள் மருமகனுக்கு முன்னால் வரமாட்டார்கள். கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று உம்மா மெல்லச் சொல்வா, நான் அதை உரக்கச் சொல்வேன். மச்சான் பதிலை என்னிடம் சொல்வார். ராத்தாவுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அந்த இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

மாமியின் சொல்லைத் தட்ட மச்சானுக்கு மனம் வரவில்லை. ஹீட்டர் உள்ளே, சிலிண்டர் வெளியே என்று முடிந்தது. அதற்கு ஈடாகத்தான் சுவரை உடைத்தார்.

"நெருப்புக்கும் மூச்சு வேணும் மச்சி. காத்து இல்லாட்டி அது நஞ்சக் கக்கும். மணக்காது, கண்ணுக்கும் தெரியாது, ஆள் உழுந்தாத்தான் தெரியும். ஒருத்தரும் இத மூடிப்போடாதீங்க" என்றார். சீலைக்குப் பின்னாலிருந்து உம்மா "ஓம்" என்றா.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வருவார். ஹீட்டரின் மூடியைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் தூசு தட்டி, சவரத் தூரிகையில் சவர்க்கார நுரை எடுத்துக் குழாய் மூட்டுகளில் பூசிக் குமிழி வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். கடைசியாகத் தண்ணீரைத் திறந்து, தீ நீலமாக எரிவதைக் கண்ட பிறகுதான் தேத்தண்ணிக்கு உட்காருவார்.

பிள்ளை அடைமழையில் பிறந்தது. "பச்ச உடம்பு, நாப்பது நாள் முடியும் மட்டும் காத்துப் படப்படா" என்று உம்மா, மௌத்தாகிப்போன வாப்பா இடுப்பில் உடுத்த சாரனைச் சுருட்டி அந்த ஓட்டைக்குள் திணித்தா. வெள்ளிக்கிழமை காலையில் உருவி எடுப்பா, மச்சான் படி இறங்கியதும் திரும்பத் திணிப்பா. மருமகனை எதிர்த்துக் கதைப்பது மரியாதையில்லை அல்லவா? அதனால் ஓம் என்று சொல்லிவிட்டுத் தன் எண்ணப்படி செய்தா.

எனக்கு இது தெரியும். "ஓட்டை தொறந்துதானே கெடக்கு?" என்று மச்சான் கேட்கும்போதெல்லாம் "ஓம் மச்சான்" என்றேன். உம்மாவை மருமகனுக்கு முன்னால் பொய்க்காரியாக்க முடியவில்லை. இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை: குளிரில்லாத குளியல் எனக்கும் சுகமாக இருந்தது.

பிள்ளை பிறந்து மூன்றாவது வாரம் எனக்குத் தலையிடி தொடங்கியது. கண்ணூறு என்று உம்மா ஓதி ஊதினா. அந்த வெள்ளிக்கிழமை மச்சான் மூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். தீ நீலமாகத்தான் எரிந்தது. ஆனால் உள்ளே தொட்ட விரல் கறுப்பாக வந்தது. "ஒரு கிழமைக்குள்ள இவ்வளவு கரியா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தலை இடிக்கிதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை குளித்துக்கொண்டிருந்தேன். தீ மஞ்சளாக எரிவதைக் கண்டேன். கண்டும் அது என்னவென்று யோசிக்கத் தலை வேலை செய்யவில்லை. முழங்கால் மடிந்தது. கைக்கெட்டும் தூரத்திலிருந்த தாழ்ப்பாள் எங்கோ போய்விட்டது. பிள்ளை அழுவது கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை.

மிச்சம் உம்மா சொல்லித் தெரிந்தது. அந்தக் கரி மச்சானின் மனதை விடவில்லை. கடையைத் திறந்த கையோடு பூட்டிவிட்டு வந்து, வீட்டின் பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்திருக்கிறார். ஓட்டைக்குள் சாரன், உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம், கூப்பிட்டால் பதிலில்லை. சிலிண்டரை மூடி, மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியால் சாரனை இழுத்துப் போட்டுக்கொண்டே கத்தினாராம்: "மாமி! கதவ ஒடைங்க! ஏலாட்டி நான் வாறன்!"

அதுதான் அவர் உம்மாவோடு நேரே பேசிய முதல் பேச்சு. தலைச்சீலை நழுவியதும் தெரியாமல் உம்மா அம்மிக் குழவியைத் தூக்கி வந்து தாழ்ப்பாளை உடைத்திருக்கிறா.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து பிழைத்து வந்தேன். மச்சான் ஹீட்டரைக் கழற்றி வெளியே மாட்டினார். "பிழை என்னுலதான். உள்ளுக்கு மாட்டினவன் நான்தானே" என்றார். உம்மாவை ஒரு சொல் சொல்லவில்லை. நான் சொன்ன "ஓம்"களைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் நேரே பின்பக்கம் சுற்றிப் போய், எல்லாவற்றையும் தானே பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இந்த வெள்ளிக்கிழமை சொல்லிவிட வேண்டும், வருகிற வெள்ளிக்கிழமை சொல்லிவிட வேண்டும் என்று வருஷங்கள் போயின. போன வருஷம் மச்சான் மௌத்தாகி அடக்கமானார். நான் சொல்லவில்லை.

உம்மா சொன்னதும் பொய்யில்லை, ஹீட்டர் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போனது. இப்போது இருப்பது கரண்டில் வேலை செய்வது. போன மாதம் குளியலறை பூச வந்த மேசன், இந்த ஓட்டை எதற்கு, அடைத்துவிடவா என்று கேட்டார். இப்போதெல்லாம் உம்மாவுக்கு நேற்று எது, இன்று எது என்று தெரிவதில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு அறையிலிருந்து வந்தா.

"அத மூடாதீங்க மேசன். வெள்ளிக்கிழம மருமகன் வருவாரு. இவக்கிட்டக் கேக்கமாட்டாரு, அவரே பாப்பாரு."

மேசன் என்னைப் பார்த்தார். அப்படியே விடச் சொன்னேன். அன்று குளிக்கப் போனபோது அண்ணாந்து பார்த்து, "ஓம் மச்சான், தொறந்துதான் கெடக்கு" என்று சத்தமாகச் சொன்னேன்.