பானுமதி பிடிக்கப்போன சூரியன்

பானுமதி எதற்காகப் பஸ் ஏறுகிறாள் என்பது அதியமான்கோட்டையில் யாருக்கும் பிடிபடவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவள் பட்டுப்புடவை கட்டியிருப்பாள். எழவுக்குப் போகிறவள் தலையில் பூ இருக்காது. ஆஸ்பத்திரிக்கென்றால் கையில் ஒயர்கூடையும் பிளாஸ்க்கும் இருக்கும். இவளோ சாதாரண வாயில் புடவையில், தோளில் ஒரு துணிப்பையோடு, இருட்டு கலையும் முன்பே வந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். கேட்டால், "சும்மா போட்டோ எடுக்கப் போறேங்க" என்கிறாள். ஐம்பதைத் தாண்டிய ஒரு குடும்பப் பெண் சும்மா பஸ் ஏறுவாளா என்று டீக்கடையில் பேசிப் பார்த்தவர்களும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அவள் வீட்டுக்காரர் தர்மனுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை. மனைவியின் பயணங்களுக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார்.

"சூரியன் நம்ம கடைக்கு எதிர்லயுந்தான பானு வருது? அதுக்குப் பஸ் ஏறிப் போவணுமா?"

"இங்க லாரி டயருக்கு நடுவுல வருதுங்க."

"எங்க வந்தாலும் அதே சூரியன்தான?"

"சோறும் அதே சோறுதான். அடுத்தவங்க வூட்டுல சாப்புட்டா மட்டும் எதுக்கு ரெண்டு தரம் வாங்கிக்கிறீங்க?"

அத்தோடு தர்மன் வேலைக்குத் திரும்பிவிடுவார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

எல்லாம் ஒரு கல்யாணத்தில்தான் தொடங்கியது. பாலக்கோட்டில் நாத்தனார் மகளுக்கு விடிகாலை முகூர்த்தம். கை கழுவ மண்டபத்தின் பின்பக்கம் போன பானுமதிக்கு எதிரே தக்காளித் தோட்டம். கொடி கட்டிய குச்சிகளுக்கு நடுவே, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போலச் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. மகன் புதுசு வாங்கிக்கொண்டு அவளுக்குத் தள்ளிவிட்ட பழைய போன் இடுப்பில் இருந்தது. ஒன்று எடுத்தாள். நன்றாக வந்திருக்கவே, வரப்பில் இறங்கி இன்னொன்று எடுத்தாள். உள்ளே கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்ததுகூட அவள் காதில் விழவில்லை. ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கத்தில் ஊரே அட்சதையோடு நிற்கிறது, தாய்மாமன் பெண்டாட்டி மட்டும் இல்லை. நாத்தனார் அடுத்த தை வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

பானுமதி வருத்தப்படத்தான் செய்தாள். ஆனால் அடுத்த வாரமே தொப்பூர் கணவாய்க்குப் போய், மலைக்குப் பின்னால் பொழுது சாய்வதையும், கீழே லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வளைவதையும் ஒரே படத்தில் எடுத்துவந்தாள். பிறகு பஞ்சப்பள்ளி அணை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மகன் ஓசூரிலிருந்து லீவுக்கு வந்தபோது படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் கரண்டு வயர் குறுக்க வருதும்மா. வயரை அழிக்கறதுக்கு ஆப் இருக்குது" என்றான்.

"வயரை அழிச்சுட்டா அந்த ஊருக்குக் கரண்டு எப்படிடா போவும்?" என்றாள் பானுமதி. வயர்கள் அப்படியே இருக்கின்றன.

ஒருமுறை கம்பைநல்லூரில் விடியும் நேரம் இறங்கியவளை ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமலே, "எழவு வூடு அந்தச் சந்துலம்மா, பொணம் இன்னும் எடுக்கல" என்றார். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் வந்தாள். அன்று சூரியன் கிடைக்கவில்லை.

இத்தனை ஊர் பார்த்தும் ஒரு விடியல் மட்டும் அவள் கைக்கு வராமல் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. சித்தேரி மலைமேல் மார்கழிப் பனி பள்ளத்தில் பால் கொட்டினது போலக் கிடக்கும், அதற்குள்ளிருந்து சூரியன் எழும்பும் என்று பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஆனால் அரூரிலிருந்து முதல் பஸ் மலையேறிச் சேர்வதற்குள் சூரியன் பனைமரம் உயரம் வந்துவிடுகிறது. பனியும் போய்விடுகிறது. போய்ப் பார்த்து ஏமாந்து வந்தவள் அவள். அந்த விடியல் வேண்டுமானால் மலையிலேயே ஒருநாள் தங்கவேண்டும். சொந்தபந்தம் இல்லாத வீட்டில் பானுமதி இதுவரை தங்கியதே இல்லை.

மலை பஸ்ஸில் பழக்கமான நர்ஸ் ஒருத்தி, "நான் குவார்ட்டர்ஸ்ல தனியாத்தான் இருக்கேன், வாங்கக்கா" என்று சொல்லியிருந்தாள். அதை நம்பி மார்கழி பிறந்ததும் கிளம்பினாள். மத்தியான பஸ்ஸில் போய் இறங்கினால், குவார்ட்டர்ஸில் பூட்டு தொங்கியது. குழந்தைக்குக் காய்ச்சலென்று நர்ஸ் முந்தின நாளே சேலம் போய்விட்டாளாம். இனி இருட்டும் முன் கீழே இறங்கும் பஸ் ஒன்றுதான். அதற்குள் வேறு இடம் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இந்த மார்கழியும் போச்சு.

ரோட்டோடு நடந்தாள். ஒரு வளைவு தாண்டியதும் நின்றுவிட்டாள். ராகிக் கதிர் முற்றிய காடு, அதன் தலைப்பில் தகரக்கூரை போட்ட ஒரு வீடு, வீட்டைத் தாண்டி ஒரு வழுக்குப்பாறை, பாறைக்கு அப்பால் ஒன்றுமேயில்லை. பள்ளம்தான். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தாள்.

"இந்த வூடு யாருதுங்க?"

"தீர்த்தம்மா வூடு."

"காடு அந்தப் பாறை வரைக்கும் அவங்களுதுங்களா?"

"ஆமாங்க."

"வாசல் கிழக்குப் பார்த்தாப்பலதான இருக்குது?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கிழக்கேதான். பையனும் நல்ல பையன்ங்க, குடி கிடையாது" என்று சொல்லிவிட்டு, மாட்டைக்கூட ஓட்டாமல் விடுவிடுவென்று அந்த வீட்டைப் பார்த்து நடந்தார். பையனைப் பற்றி நாம் கேட்கவில்லையே என்று பானுமதி நினைத்தாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அவள் காட்டோரம் போய்ச் சேர்வதற்குள் வாசல் தெளித்தாகிவிட்டது. தீர்த்தம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே வந்தார். அவளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"வாங்கம்மா, வாங்க. மலையேறி வந்தது களைப்பா இருக்கும். டேய் வீரமணி, கட்டில எடுத்து வெளிய போடு."

கட்டிலைக் கொண்டுவந்த வீரமணிக்கு முப்பது இருக்கும். லுங்கிக்கு மேலே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அப்போதுதான் போட்டது. ஒரு பொத்தான் மாறியிருந்தது. கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடிப்போனான்.

மலைக்காரர்கள் வந்தவர்களை நன்றாகக் கவனிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். இவ்வளவு என்று தெரியாது. மோர் வந்தது. பலாக்கொட்டை சுட்டது வந்தது. "போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்று தயங்கிக் கேட்டபோது, "தாராளமா எடுங்க, எடுத்துக் காட்டத்தான வந்திருக்கீங்க" என்றார் தீர்த்தம்மாள். சாயங்கால வெயில் பாறைமேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. பானுமதி போனைத் தூக்கினாள். உடனே தீர்த்தம்மாள் குறுக்கே வந்து விறைப்பாக நின்றார். இவள் இடதுபக்கம் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். படத்தில் நிற்க ஆசைபோலிருக்கிறது என்று நினைத்து நாலைந்து எடுத்தபிறகுதான் தெரிந்தது, மழையில் இடிந்த மாட்டுக்கொட்டாய்ச் சுவரை அவர் தன் உடம்பால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி தங்கிட்டுத்தான் போவணும்" என்றார் தீர்த்தம்மாள். "பாய் வெயில்ல போட்டாச்சு. கோழியும் அடிச்சாச்சு."

பானுமதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்காமலே கிடைத்துவிட்டதே! "உங்களுக்கு எதுக்குங்கக்கா சிரமம்" என்று ஒப்புக்குச் சொன்னாள்.

"என்ன சிரமம்? பொண்ணு அரூர்ல வளர்ந்தது, நாளைக்கு இங்க வந்து கஷ்டப்படக் கூடாதுன்னு இப்பவே பாத்ரூம் கட்ட ஆரம்பிச்சுட்டோம். இதோ பாருங்க, இதையும் ஒரு போட்டோ எடுத்துக்கங்க. அவங்கப்பா நம்ம மலைக்காரர்தான், வேலையாயி கீழ போனவரு. நேர்ல வராம ஒரு ஆள அனுப்பி விசாரிக்கறோம்னு சொன்னப்ப, பொம்பளையாளா அனுப்புவாங்கன்னு நான் நினைக்கல. அதுவும் நல்லதாப் போச்சு."

அரைகுறையாக எழும்பிய பாத்ரூம் சுவருக்கு முன்னால் பானுமதி போனோடு நின்றாள். தான் மாட்டுக்காரரிடம் கேட்ட மூன்று கேள்விகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வீடு யாருது, காடு எதுவரைக்கும், வாசல் எந்தப் பக்கம். பெண் வீட்டுக்காரர்கள் வேறென்ன கேட்பார்கள்? தன் மகளைக் கொடுக்கும்போது அவளே தர்மனை அனுப்பி இதையேதானே கேட்டுவரச் சொன்னாள்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றத்தான் செய்தது. நாளைக்கு விடிந்ததும் அந்தப் பாறையில் நின்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? உள்ளே மசாலா அரைக்கும் வாசம் வேறு. அப்போதுதான் வீரமணி தண்ணீர்ச் சொம்போடு வந்தான். சொம்பை நீட்டிவிட்டுப் போகாமல் நின்றான்.

"அந்தப் பொண்ணுக்கு மலைல வந்து இருக்க விருப்பந்தானாங்க? வூட்டுல சொல்றாங்கன்னு ஒத்துக்கிறதா இருந்தா வேணாங்க."

பானுமதி சொம்பைக் கீழே வைத்தாள்.

"தம்பி, எனக்கு அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது. நான் அதியமான்கோட்டை. சூரியன் கிளம்பறத போட்டோ எடுக்க வந்தேன். மன்னிச்சுக்கங்க. அக்கா, நீங்களும்."

தீர்த்தம்மாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப எதுக்குடி வாசல் கிழக்கான்னு கேட்ட?"

"சூரியனுக்குங்கக்கா."

"சூரியனுக்கா?"

"ஆமாங்க."

'வாங்கம்மா' ஒரே மூச்சில் 'டி'யாகிவிட்டது. கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. இறங்குகிற பஸ். பானுமதி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கோழிக்கு என்ன கொடுப்பது, கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று அவள் குழம்பிக்கொண்டிருந்தபோது, வீரமணி பொத்தான் மாறிய சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இதுக்குப் போயி தீபாவளிச் சட்டைய எடுத்தேனே!"

தீர்த்தம்மாள் மகனை முறைத்தார். முறைத்துக்கொண்டே வாய் கோணியது.

"நீ எங்க கிளம்பிட்ட?" என்றார் பானுமதியிடம். "பஸ்ஸு ஏறி நீ போயிடுவ. அடிச்ச கோழி எந்திரிச்சுப் போவுமா? பைய எறக்கி வெச்சுட்டு வந்து வெங்காயம் உரி."

பானுமதி வெங்காயம் உரித்தாள். உரித்தபோது கண்ணில் வந்த தண்ணீரைப் பார்த்து, "அழுவாத, சூரியன் நாளைக்குக் கட்டாயம் வரும்" என்று தீர்த்தம்மாள் கேலி செய்தார். தஞ்சம் கிடைத்த சந்தோஷத்தில் அவள் இரண்டாம் தரமும் சோறு வாங்கிக்கொண்டாள்.

கோழி கூவியதும் தீர்த்தம்மாளே எழுப்பிவிட்டார். தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, பாறையில் வழி காட்ட முன்னால் நடந்தார். வழிநெடுகப் புலம்பல்.

"அது பாட்டுக்குத் தானா வரப்போவுது. நாம போயி எதிர்கொண்டு அழைக்கணுமா? சீமந்தத்துக்கு வர்ற சம்பந்தியா அது?"

"நீங்க இங்க வந்து நின்னு பார்த்ததே இல்லீங்களா?"

"இந்நேரத்துக்கு நான் மாட்டுக்கடியில இருப்பேன். எனக்குத் தெரிஞ்சது அதோட மடிதான்."

பாறையில் பனி ஈரம் வழுக்கியது. கீழே பள்ளம் இல்லை. வெள்ளையாக ஒரு ஏரி கிடந்தது, மலைகளின் தலைகள் மட்டும் தீவு தீவாக. கிழக்கே வெள்ளையில் லேசாகச் செம்மை கசிந்தது. பிறகு ஒரு விளிம்பு. பானுமதி எடுத்தாள், உட்கார்ந்து எடுத்தாள், பாறையில் குப்புறப் படுத்து எடுத்தாள். சூரியன் வெளியே வந்து நின்றபோது தீர்த்தம்மாள் புலம்பலை நிறுத்திவிட்டார். கையைக் கூப்பவும் இல்லை, கீழே போடவும் இல்லை. துண்டின் முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

பிறகு போனை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நேர்ல அம்மாம் பெருசு. இதுல பொட்டு கணக்கா இருக்குது?"

"இத்தனை வருசமா எனக்கும் அதாங்கக்கா சண்டை" என்றாள் பானுமதி. சொல்லும்போதே சிரிப்பு பொங்கியது. பனி இருந்தது, சூரியன் இருந்தது, ஒரு வயர்கூட இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது.

"அப்படியே இந்தப் பக்கம் திரும்பி எங்க வூட்ட ஒண்ணு எடு."

திரும்பினாள். தகரக்கூரை வெயில் பட்டுத் தகதகவென்று இருந்தது. ராகிக் கதிர்களின் தலை எல்லாம் செம்பு. காட்டுக்குள் வீரமணி, பழைய பனியனோடு, கையில் அரிவாளோடு நிமிர்ந்து, பாறைமேல் இரண்டு பெண்பிள்ளைகளும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்தாள்.

"இத அந்தப் பொண்ணு வூட்டுக்கு அனுப்பிவிடு. வர்ற ஆளு எப்ப வர்றானோ."

வீரமணியைக் கூப்பிட்டுப் பெண் வீட்டு நம்பர் வாங்கினார்கள். "பனியனோடவா அனுப்பறீங்க?" என்று அவன் பதறினான். "சட்டையோட வேற ஆளுக்குக் காட்டிட்டியே" என்றார் அவன் அம்மா. பாறையின் நுனியில்தான் சிக்னல் வந்தது. படம் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே பார்த்துவிட்டதாகவும் காட்டியது.

"என்ன சொல்றாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலீங்கக்கா."

வளைவில் ஹாரன் கேட்டது. அரூர் போகிற முதல் பஸ்.

"உன் பஸ்ஸு வந்துட்டுது பாரு" என்றார் தீர்த்தம்மாள்.

பானுமதி பள்ளத்தைப் பார்த்தாள். வெள்ளை மெல்லக் கிழிந்துகொண்டிருந்தது. கிழிசல் வழியாக ஒரு வயல், ஒரு ஓடை, ஒரு கோயில் கூரை என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தன. இப்போது எடுத்தால்தான் உண்டு.

"போவட்டுங்க. மத்தியான பஸ்ஸு இருக்குதில்ல?"

"இருக்குது. ஆனா கோழி தீந்துபோச்சு, களிதான்."

"களியே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கீழே தெரிந்த பாறையைப் பார்த்து இறங்கினாள் பானுமதி.

"பாத்து எறங்குடி, வழுக்கும்!" என்று மேலேயிருந்து தீர்த்தம்மாளின் குரல் வந்தது. கத்திவிட்டு அவரும் பின்னாலேயே இறங்கினார்.